மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியும் 'டிடக்டிவ்' என்ற பெயரடையும்: ஒரு மதிப்புரை

ஓர் அகராதியை மதிப்பிட அதன் பக்கங்கள் அனைத்தையும் படிக்க வேண்டியதில்லை. எந்தச் சொல்லை உரைகல்லாகக் கொள்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். மேசை, மழை போன்ற சொற்களில் எந்த அகராதியும் இடறுவதில்லை. ஒரு துறைக்குள் மட்டும் வழங்கும் அரிய கலைச்சொல்லுக்கும் அந்தத் துறையின் நூலைப் பார்த்துப் பொருள் எழுதிவிட முடியும். அன்றாட எழுத்திலும் ஒரு துறையின் உள்ளேயும் ஒரே காலத்தில் வழங்கி, இரண்டு இடங்களிலும் சற்றே வேறுபட்ட பொருளைத் தரும் சொற்களே அகராதியின் தரத்தைக் காட்டிக் கொடுப்பவை. தருக்க முறையில் முடிவுக்கு வருவதைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடையான 'டிடக்டிவ்' அத்தகைய சொல். அதையும் அதன் சுற்றத்தைச் சேர்ந்த 'இன்டக்டிவ்', 'இன்ஃபெரன்ஷியல்', 'இலேட்டிவ்' ஆகியவற்றையும் கொண்டு, மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வழங்கும் அகராதியை இங்கே மதிப்பிடுகிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வோர், ஆய்வேடு எழுதுவோர், தருக்கப் பகுதி இடம்பெறும் போட்டித் தேர்வுகளுக்குப் படிப்போர் ஆகியோரே நான் மனத்தில் கொண்டிருக்கும் பயனர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல் எப்படி வழங்குகிறது என்பதைப் பதிவு செய்வதில் இந்த அகராதி மிகச் சிறந்தது. அந்தச் சொல் குறிக்கும் தருக்க முறை எப்படி இயங்குகிறது என்பதை விளக்குவதில் அது அவ்வளவு நம்பத்தக்கதன்று. இதில் சிக்கல் என்னவென்றால், சிறந்த பகுதிகள் பக்கத்தின் அடியிலும் வேறு பதிவுகளிலும் கிடக்கின்றன. பெரும்பாலோர் படித்துவிட்டு மூடுகிற முதல் இரண்டு வரிகளில்தான் குறை இருக்கிறது.

அகராதியின் வரலாறு இதற்குக் காரணம் சொல்கிறது. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அமெரிக்க ஆங்கில அகராதியே இதன் மூலம். அவர் 1843இல் இறந்த பின், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அச்சுத் தொழிலும் புத்தக விற்பனையும் செய்துவந்த ஜார்ஜ் மெரியம், சார்லஸ் மெரியம் என்ற சகோதரர்கள் அதன் உரிமையை வாங்கினர். 1964இல் நிறுவனம் பிரிட்டானிகாவிடம் வந்தது. இணையப் பதிப்பு 1996இல் தொடங்கியது. நமக்கு வேண்டிய ஆண்டு 1961. ஃபிலிப் கோவ் ஆசிரியராக இருந்து அந்த ஆண்டில் வெளியிட்ட மூன்றாம் பன்னாட்டுப் பெரும்பதிப்பு, எது சரி, எது பிழை என்று தீர்ப்பளிப்பதைவிட மக்கள் எழுதுவதையும் பேசுவதையும் உள்ளபடி பதிவு செய்வதே அகராதியின் கடமை என்ற கொள்கையைத் தயக்கமின்றிக் கடைப்பிடித்தது. அதற்காக அமெரிக்கப் பத்திரிகைகளில் அது பட்ட வசவு கொஞ்சமன்று. இன்றைய இணைய அகராதி அந்தக் கொள்கையின் வழிவந்தது. ஆகவே தருக்கவியல் ஆசிரியர் வகுப்பில் தரும் வரையறையை இங்கே எதிர்பார்ப்பதில் பயனில்லை. ஆங்கிலம் எழுதும் பொதுமக்கள் இச்சொல்லால் எதைக் குறிக்கிறார்கள் என்பதே இங்கே கிடைக்கும்.

'டிடக்டிவ்' பக்கத்தைத் திறந்தவுடன் சொல்லின் இலக்கண வகையும் ஒலிப்பும் வருகின்றன. ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் உச்சரிப்பைக் கேட்கலாம். இந்த வசதியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. இந்தச் சொல்லைப் பொறுத்தவரை அது தமிழர்க்கு மிகவும் பயன்படும். துப்பறிவாளரைக் குறிக்கும் 'டிடெக்டிவ்' நம் காதுக்கும் நாவுக்கும் நெடுங்காலமாகப் பழகிய சொல். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு கொம்புதான் வேறுபாடு. 'டிடெக்டிவ் ரீசனிங்' என்று சொல்வதை நான் கருத்தரங்குகளிலேயே கேட்டிருக்கிறேன். துப்பறிவாளர் அப்படித்தானே முடிவுக்கு வருகிறார் என்ற எண்ணமும் இந்தக் குழப்பத்துக்குத் துணை நிற்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு சரி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பெயரடைக்கு அகராதி இரண்டு சுருக்கமான பொருள்களைத் தருகிறது. 'டிடக்‌ஷன்' தொடர்பான அல்லது அதனால் நிறுவக்கூடிய என்பது ஒன்று. முடிவுக்கு வருவதில் 'டிடக்‌ஷனை'க் கையாளுகிற என்பது மற்றொன்று. இரண்டும் பெயர்ச்சொல்லின் தோளில் ஏறி நிற்கின்றன. எனவே பொருள் தேடுபவர் பெயர்ச்சொல்லின் பக்கத்துக்குப் போயே ஆக வேண்டும். இதைக் குறையாக நான் எண்ணவில்லை. பெயரடைக்கும் வினைக்கும் பெயருக்கும் ஒரே விளக்கத்தை மும்முறை எழுதிப் பக்கத்தை நிரப்புவதைவிட இது நேர்மையான முறைதான். ஆனால் இணைப்பைத் தொட்டுச் சென்று கிடைப்பதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

காரணங்களைக் கொண்டு முடிவைப் பெறுதல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பொதுவான அல்லது அனைத்தையும் தழுவிய கூற்றுகளிலிருந்து தனித்தனிப் பொருள்களைப் பற்றிய முடிவு கட்டாயமாகப் பின்தொடரும் அனுமானம் என்று 'டிடக்‌ஷனு'க்கு அந்தப் பக்கம் சிறப்புப் பொருள் தருகிறது. தனித்தனி நிகழ்வுகளிலிருந்து பொது முடிவுக்கு வருவது 'இன்டக்‌ஷன்' என்று எதிர்ப்பக்கமும் ஒத்துப் பாடுகிறது. பொதுவிலிருந்து சிறப்புக்கு ஒன்று, சிறப்பிலிருந்து பொதுவுக்கு மற்றொன்று. மனப்பாடம் செய்ய எளிதாக இருப்பதால் இந்தச் சூத்திரம் உலகெங்கும் பாடநூல்களில் குடியேறிவிட்டது. தற்காலத் தருக்கவியலில் இது வரையறையாக ஏற்கப்படுவதில்லை.

ஏன் என்பதைச் சில வரிகளில் காட்டலாம். 'கடிதம் திங்கட்கிழமை வந்திருக்க வேண்டும் அல்லது செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டும், திங்கட்கிழமை வரவில்லை, ஆகவே செவ்வாய்க்கிழமை வந்தது.' இதில் பொதுக் கூற்று எதுவுமே இல்லை. ஆயினும் இது குறையற்ற 'டிடக்டிவ்' வாதம். 'திமிங்கிலங்கள் எல்லாம் பாலூட்டிகள். பாலூட்டிகள் எல்லாம் நுரையீரலால் மூச்சு விடுபவை. ஆகவே திமிங்கிலங்கள் எல்லாம் நுரையீரலால் மூச்சு விடுபவை.' இங்கே பொதுவிலிருந்து பொதுவுக்கே போகிறோம். சிறப்பு என்று ஒன்று வரவேயில்லை. மறுபக்கமும் பார்க்கலாம். ஐரோப்பியர் தாம் கண்ட அன்னங்கள் யாவும் வெள்ளையாக இருந்ததைக் கொண்டு, இனி ஏரியில் வந்திறங்கப் போகும் அந்த ஓர் அன்னமும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தால், முடிவு தனி ஒன்றைப் பற்றியது; வாதமோ 'இன்டக்டிவ்' வகையைச் சேர்ந்தது. 1697இல் டச்சு மாலுமிகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் கருப்பு அன்னங்களைக் கண்டபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. ஆனால் அதனால் எந்தத் தருக்க விதியும் உடைந்துவிடவில்லை. 'இன்டக்டிவ்' வாதம் முடிவுக்கு உறுதிமொழி தருவதேயில்லை. அது தருவது நம்புவதற்கான ஆதாரம்.

ஆக, இரண்டு பெயரடைகளையும் பிரிப்பது பயணத்தின் திசையன்று. எடுகூற்றுகள், அதாவது வாதம் அடிப்படையாகக் கொள்ளும் கூற்றுகள், உண்மையாக இருந்தால் முடிவு பொய்யாக இருக்கவே முடியாது என்ற பிணைப்பு கோரப்படுகிறதா என்பதே பிரிக்கும் கோடு. அகராதியின் வரையறையில் 'கட்டாயமாக' என்று ஒரு சொல் இருக்கிறது அல்லவா, உயிர்நிலை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தொகுப்பாளர்கள் அதை விட்டுவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பொது, சிறப்பு என்ற பகட்டான இணைக்கு நடுவில் அதைச் செருகியிருப்பதால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. எடுகூற்று உண்மையா என்பதைப் பற்றி இந்தப் பெயரடை எதுவும் சொல்வதில்லை என்ற செய்தியும் அந்தப் பக்கத்தில் ஒரு சொல் அளவுக்காவது இருந்திருக்கலாம். தொடக்கக் கூற்றே தவறாக இருந்தாலும் வாதம் 'டிடக்டிவ்' வாதமாகவே இருக்கும். முடிவை மட்டும் நம்ப முடியாது. 'டிடக்டிவ்' என்றாலே உறுதியான உண்மை என்று எண்ணி எழுதப்பட்ட ஆய்வேட்டு முன்னுரைகளைப் பார்க்கும்போது, இந்த ஒரு குறிப்பு எவ்வளவு பிழைகளைத் தடுத்திருக்கும் என்று தோன்றுகிறது.

இதே சூத்திரம் தமிழிலும் வேரூன்றியிருப்பதால் நம் பயனர்க்கு இது இரட்டிப்பு இடையூறு. ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் விதியை முதலில் சொல்லிப் பின்னர் எடுத்துக்காட்டுகளைத் தருவது விதிவிளக்கு முறை, எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவரே விதியைக் கண்டறியச் செய்வது விதிவரு முறை. கற்பித்தல் முறைகளுக்கு இவை பொருத்தமான சொற்களே. அங்கே உண்மையிலேயே வரிசைதான் முக்கியம். ஆங்கிலத்திலும் மொழி கற்பிப்போர் 'டிடக்டிவ்' என்பதை இதே பொருளில் வழங்குகிறார்கள். அகராதியோ இந்த வகுப்பறைப் பொருளைத் தனியே பிரித்துக் காட்டவில்லை. பண்புசார் ஆய்வுகளில், குறியீடுகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நேர்காணல்களைப் பகுப்பதையும் 'டிடக்டிவ்' என்று சொல்லும் வழக்கு பரவியிருக்கிறது. அதற்கும் தனி இடமில்லை. வழக்கைப் பதிவு செய்வதே கடமை என்று கொள்கை வகுத்துக்கொண்ட அகராதி இந்த இரண்டு வழக்குகளையும் தனியே காட்டாதது எனக்கு வியப்பளிக்கிறது.

தருக்கத்துக்கு இலங்கைத் தமிழ்தான் சீரான சொற்களைத் தந்திருக்கிறது. அங்கே உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே இருப்பதால், உய்த்தறி ('டிடக்டிவ்'), தொகுத்தறி ('இன்டக்டிவ்'), எடுகூற்று என்று ஒரு முழுச் சொல் தொகுதி புழக்கத்தில் நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டிலும் பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் 'கணிதத் தொகுத்தறிதல்' இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெயரில் தொகுத்தறிதல் இருந்தாலும் அது முழுக்க முழுக்க உய்த்தறியும் முறை: முதல் எண்ணுக்குப் பொருந்தும் என்று நிறுவி, ஏதேனும் ஓர் எண்ணுக்குப் பொருந்தினால் அடுத்த எண்ணுக்கும் பொருந்தியே தீரும் என்றும் நிறுவிவிட்டால், விதிவிலக்குக்கு அணுவளவும் இடமில்லை. கருப்பு அன்னம் அங்கே வந்து இறங்க முடியாது. மெரியம்-வெப்ஸ்டர் இந்தக் கணிதப் பொருளை 'இன்டக்‌ஷன்' பதிவில் தனியே பிரித்து, செயல்முறையையும் பிழையின்றி எழுதியிருக்கிறது. பொது அகராதியில் இவ்வளவு துல்லியம் அரிது. தனியே பாராட்டத் தக்கது.

'அனுமானம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் முதல் தாளின் பாடத்திட்டம் 'டிடக்டிவ்', 'இன்டக்டிவ்' வேறுபாட்டையும் இந்திய அளவையியலின் அனுமானத்தையும் ஒரே அலகில் வைத்திருக்கிறது. அதனால் மாணவர்கள் அனுமானமும் 'டிடக்‌ஷனும்' ஒன்றே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதை சொல்லும் அனுமான உறுப்புகளை எண்ணிப் பார்த்தால், பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்) ஆகியவற்றுக்கு அடுத்து எடுத்துக்காட்டாகிய திட்டாந்தமும் ஓர் உறுப்பாக நிற்பது தெரியும். மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று சொல்பவர், அடுக்களையில் அவ்விரண்டையும் சேர்த்துக் கண்டதையும் வாதத்துக்குள்ளேயே வைக்கிறார். ஆங்கிலத்தின் இரு பெட்டிகளில் ஏதேனும் ஒன்றுக்குள் அதை அடைக்கப் பார்ப்பது வீண் வேலை. போதாக்குறைக்கு இன்றைய பேச்சில் 'அனுமானமாகச் சொல்கிறேன்' என்றால் குத்துமதிப்பாகச் சொல்கிறேன் என்றே பொருள். தமிழாக்கம் செய்வோர் 'டிடக்டிவ்' வரும் இடத்தில் 'அனுமான' என்று எழுதினால் மூலத்துக்கு நேர்மாறான பொருள்கூட வந்துவிடக்கூடும்.

இனி அகராதியின் வலிமைக்கு வருவோம். 'இன்ஃபெர்' என்ற வினையின் பக்கத்தில் ஒருபொருட் பன்மொழிகளை வேறுபடுத்திக் காட்டும் ஒரு பத்தி இருக்கிறது. இந்த அகராதியில் ஒரே ஒரு பத்தியைப் படிக்க நேரமிருந்தால் அதைத்தான் படிக்கச் சொல்வேன். 'இன்ஃபெர்', 'டிட்யூஸ்', 'கன்க்ளூட்', 'ஜட்ஜ்', 'கேதர்' என்ற ஐந்து வினைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் சாயலையும் ஒரே வாக்கியத்தில் அது பிரிக்கிறது. ஆதாரத்திலிருந்து காரணங்காட்டி முடிவுக்கு வருவது முதல் வினை; ஆதாரம் மெலிந்திருந்தால் அது வெறும் ஊகத்தை நெருங்கிவிடும் என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. பொது விதியிலிருந்து குறிப்பிட்ட முடிவைப் பெறும் சாயல் இரண்டாவதற்கு. தொடர்ச்சியான காரணங்களின் இறுதியில் தவிர்க்க முடியாததாக வந்து சேரும் முடிவு மூன்றாவது. சான்றுகளை எடைபோடுவது நான்காவது. குறிப்புகளிலிருந்து உள்ளுணர்வாக உணர்ந்துகொள்வது ஐந்தாவது. நீதிமன்றத் தீர்ப்புகளையோ அறிவியல் கட்டுரைகளையோ தமிழாக்குவோர்க்கு இது பெருந்துணை. ஐந்துக்கும் 'முடிவு செய்தார்' என்றே எழுதிச் செல்லும் பழக்கத்தை இந்த ஒரு பத்தியே கேள்விக்குள்ளாக்கும்.

அதே பக்கத்தில் 'இன்ஃபெர்', 'இம்ப்ளை' வழக்காறு பற்றிய குறிப்பும் உண்டு. பேசுபவர் குறிப்பாகச் சொல்வது 'இம்ப்ளை', கேட்பவர் அதிலிருந்து உணர்ந்துகொள்வது 'இன்ஃபெர்' என்று ஆங்கில ஆசிரியர்கள் கறாராகச் சொல்வார்கள். இரண்டு சொற்களையும் இன்று ஏற்கப்பட்ட பொருளில் முதலில் ஆண்டவராகத் தெரியவருபவர் சர் தாமஸ் மோர், ஆண்டு 1528. ஆனால் அதே மோர்தான் 1533இல் 'இன்ஃபெர்' என்பதை 'இம்ப்ளை'க்கு நெருங்கிய பொருளிலும் எழுதியவர் என்று அகராதி சான்று காட்டுகிறது. விதியைப் போற்றுவோருக்குச் சற்றே எரிச்சலூட்டும் செய்திதான். ஆயினும் அகராதி இங்கே வாயாடாமல் ஆண்டுகளை மட்டும் எடுத்து வைக்கிறது. 1961ஆம் ஆண்டுக் கொள்கை இத்தகைய இடங்களில்தான் தன் மதிப்பை நிலைநாட்டுகிறது. தேர்வு எழுதுவோர் மட்டும் ஆசிரியரின் விதியைப் பின்பற்றுவது நல்லது. விடைத்தாள் திருத்துபவர் தாமஸ் மோரைப் படித்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

அகராதி கைவிடும் இடம் 'இலேட்டிவ்'. தருக்க அனுமானத்தைக் குறிக்கும் பெயரடைகளில் இது அரியது. பழைய தருக்க நூல்களிலும் சமயத் தத்துவ நூல்களிலும் மட்டுமே பெரும்பாலும் தலைகாட்டும். அதன் பெயரடைப் பதிவில் இருப்பது ஒரே ஒரு சொல்: 'இன்ஃபெரன்ஷியல்'. அதைத் தொட்டால் 'இன்ஃபெரன்ஸ்' தொடர்பான என்று வருகிறது. அதையும் தொட்டால்தான் ஒரு கூற்று உண்மையெனக் கொண்டு, அதிலிருந்து பின்தொடர்வதாக நம்பப்படும் மற்றொரு கூற்றுக்குச் செல்லுதல் என்ற நல்ல விளக்கம் கிடைக்கிறது. அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பப்படும் மனுதாரரின் நிலைதான் பயனருக்கு. மூன்றாவது மேசையில் காரியம் முடிகிறது என்பது உண்மையே. மாதிரித் தரவுகளிலிருந்து முழுத் தொகுதியைப் பற்றிக் கணக்கிட்ட உறுதியோடு சொல்லும் புள்ளியியல் பொருளும் அங்கே தனியே தரப்பட்டிருப்பதால், 'இன்ஃபெரன்ஷியல்' என்ற பெயரடையைப் புள்ளியியல் பாடத்தில் மட்டுமே சந்தித்தவர்க்கும் விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் 'இலேட்டிவ்' என்ற சொல்லை எவர், எங்கே ஆளுகிறார் என்ற செய்தி எந்த மேசையிலும் இல்லை.

சொல்வதற்கு நிறைய இருக்கிறது என்பதால்தான் இந்தச் சுருக்கம் உறுத்துகிறது. கொண்டு சேர்த்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினை ஒன்றின் நிகழ்கால வடிவிலிருந்து 'இன்ஃபெர்' வந்தது. அதே வினையின் இறந்தகால எச்ச வடிவிலிருந்து 'இலேட்டிவ்' வந்தது. ஒலியில் தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும் இரண்டும் ஒரே வேரின் கிளைகள். ஃபின்னிஷ், ஹங்கேரியன் மொழிகளின் இலக்கணத்தில் 'உள்ளே' என்று செல்லும் திசையைக் காட்டும் வேற்றுமைக்கும் இதே பெயர்தான். ஃபின்னிஷில் 'தலொ' என்றால் வீடு, 'தலோன்' என்றால் வீட்டுக்குள். ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் 1870இல் எழுதிய நூலில், முறைப்படியான நிறுவல் இல்லாமலே பல சிறு சான்றுகள் குவிந்து மனம் உறுதிக்கு வந்து சேரும் ஆற்றலுக்கு இந்தப் பெயரடையைக் கொண்டே பெயர் சூட்டினார். 'உய்த்தறி' என்று மொழிபெயர்த்தால் அவர் கருத்தே தலைகீழாகிவிடும்; கட்டாயமான பிணைப்பு இல்லாத இடத்திலும் மனிதர் உறுதிகொள்வது எப்படி என்பதுதானே அவர் கேள்வி. ஒற்றைச் சொல் விளக்கத்தை நம்பி நியூமனைத் தமிழாக்கப் புகுபவர் முதல் பக்கத்திலேயே தடுமாறுவார். பெயர்ச்சொல்லாக வரும் 'இலேட்டிவ்' பதிவு இதைவிட மேல்: முடிவை அறிமுகப்படுத்தும் சொல் அல்லது தொடர் என்று விளக்கி, நம் 'ஆகவே'க்கு இணையான ஆங்கிலச் சொல்லை எடுத்துக்காட்டாகவும் தருகிறது.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தனிக் கதை. தொகுப்பாளர்கள் தாமே எழுதிய சிறு தொடர்கள் சுருக்கமாகவும் நம்பத்தக்கவையாகவும் இருக்கின்றன. அவற்றோடு, இணையச் செய்திகளிலிருந்து இயந்திரம் தானாகத் திரட்டிய அண்மைக்கால வாக்கியங்களும் தரப்படுகின்றன. அவற்றிலுள்ள கருத்துகள் அகராதியினுடையவை அல்ல என்று நிறுவனமே குறிப்பும் போட்டிருக்கிறது. சொல் எந்தப் பெயர்ச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க இவை உதவும். பொருளுக்குச் சான்றாக இவற்றைக் கொள்வது ஆபத்து, ஏனெனில் துப்பறியும் தொடர்கள் பற்றிய எழுத்துகளில் இந்தப் பெயரடை கூர்ந்த மதி என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

அந்தத் தேய்வுக்குப் பெரும் பொறுப்பாளி ஷெர்லாக் ஹோம்ஸ். 1887இல் வெளியான முதல் ஹோம்ஸ் கதையிலேயே 'டிடக்‌ஷன்' என்னும் அறிவியல் என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. வாட்சனைக் கண்டதும் ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர் என்று ஹோம்ஸ் சொல்வதன் காரணங்கள் அங்கே விளக்கப்படுகின்றன: மருத்துவரின் தோற்றம், படைவீரரின் மிடுக்கு, வெயிலில் கறுத்த முகம், வெளுத்த மணிக்கட்டு, காயம்பட்ட இடக்கை. அழகான சங்கிலிதான். ஆனால் அதே வாட்சன் 1879இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சூலுப் போரிலிருந்து திரும்பியிருந்தாலும் இந்த அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருந்திருக்கலாம். முடிவு பொய்யாவதற்கு வழி இருப்பதால் இது கட்டாயப் பிணைப்பு அன்று. கண்ட அடையாளங்களுக்கு மிகப் பொருத்தமான விளக்கத்தைத் தேர்ந்துகொள்ளும் இந்த முறைக்கு அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் வைத்த பெயரின் அடியாகவே 'அப்டக்டிவ்' என்ற பெயரடை வழங்குகிறது. மெரியம்-வெப்ஸ்டர் மூன்று சொற்களையும் ஒப்பிட்டு ஒரு தனிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறது. பொதுவிலிருந்து சிறப்பு என்ற சூத்திரம் அதிலும் தொடர்ந்தாலும், மூன்றாம் வகை என்று ஒன்று உண்டு என்பதைப் பொது வாசகர்க்கு எளிய நடையில் அது அறியத் தருகிறது. 'டிடக்டிவ்' பதிவை மட்டும் பார்ப்பவர்க்கு அந்தக் கட்டுரை தற்செயலாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு.

ஊதியச் சீட்டில் வரும் 'டிடக்‌ஷன்', அதாவது பிடித்தம், இந்தப் பெயரடையோடு சேராது. பெயர்ச்சொல் இரண்டு பொருளுக்கும் பொது. பெயரடைகள் மட்டும் பிரிந்துவிட்டன. வரியில் கழித்துக்கொள்ளத் தக்கது 'டிடக்டிபிள்'. தொகையைக் கழிப்பதற்குரிய 'டிடக்ட்' என்ற வினைக்கு, உய்த்தறிதல் என்ற பொருளும் அகராதியில் இரண்டாவதாக இருக்கிறது. பதிவு சரியே, ஆனால் கற்போர் அதைப் பின்பற்ற வேண்டாம். அந்தப் பொருளுக்கு 'டிட்யூஸ்' இருக்கும்போது குழப்பத்தை விலைக்கு வாங்குவானேன்?

மாற்று அகராதிகளோடு ஒப்பிட்டால், முதலில் நினைவுக்கு வருவது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி. 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவுற்று, 1989இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்புக் கண்ட அந்த அகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்களை வரிசைப்படுத்துகிறது. 'இலேட்டிவ்' போன்ற சொல்லுக்கு நாட வேண்டிய இடம் அதுதான். அதன் முழுப் பதிவுகளுக்குச் சந்தா வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தின் வழியே அணுக முடிந்தவர்கள் தயங்காமல் அங்கே செல்லலாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்க்கு, பிரிட்டானிகா பெயரில் கிடைக்கும் கற்போர் அகராதி எளிய வாக்கியங்களில் பொருள் சொல்கிறது. பள்ளி மாணவர்க்கு அது போதும். இவ்விரண்டுக்கும் நடுவே, கட்டணமின்றியும் ஓரளவு ஆழத்தோடும் கிடைப்பது மெரியம்-வெப்ஸ்டர்தான். விளம்பரங்கள் பக்கத்தை அடைத்துக்கொண்டு பதிவைத் துண்டு துண்டாக்குவது கைப்பேசியில் தொல்லை தருகிறது. ஒருபொருட் பன்மொழிப் பத்தியை அடைவதற்குள் விரல் சோர்ந்துவிடும். பெரும்பதிப்புக்கான கட்டணச் சந்தாவும் உண்டு. இந்தச் சொல் குடும்பத்தை மட்டும் கருதி அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆய்வேட்டில் இந்த அகராதியை மேற்கோள் காட்டுவோர் பார்த்த நாளையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அச்சுப் பதிப்புக்குள்ளதுபோல் பதிப்பெண் இங்கே இல்லை. பதிவுகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. 'டிடக்‌ஷன்' பதிவிலிருந்து பொது, சிறப்பு என்ற இணை என்றேனும் நீங்கி, 'கட்டாயமாக' என்ற சொல் முன்வரிசைக்கு வருமானால், இந்த மதிப்புரையின் பாதி அன்றே காலாவதியாகிவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை.